லைக்லி என்றே இருக்கட்டும்

"உங்கள் பட்டியலில் நாங்கள் லைக்லியில் இருக்கும்வரை கட்சியின் தேசியக் கமிட்டி எங்களுக்கு ஒரு டாலர்கூடத் தராது. லீனுக்கு மாற்றிப் பாருங்கள், அவர்களே கூப்பிடுவார்கள்." 2022 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு பிரதிநிதிகள் சபை வேட்பாளரின் பிரச்சார மேலாளர் போனில் சொன்னது இது. ஒவ்வொரு தொகுதியிலும் யார் ஜெயிப்பார் என்று மதிப்பிட்டு நாங்கள் பட்டியல் போடுவோம்: லைக்லி என்றால் ஒரு தரப்பு ஏறக்குறைய ஜெயித்த மாதிரி, லீன் என்றால் அந்தப் பக்கம் லேசான சாய்வு மட்டும். இவருடைய தொகுதி எதிர்த்தரப்புக்கு லைக்லி என்று இருந்தது. கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை, ஏதோ வானிலை சொல்வதுபோல் சொன்னார். எந்தக் கட்சி என்று இங்கேயும் சொல்லப் போவதில்லை, தொழில் பழக்கம்.

எங்கள் மாதிரி கட்சி சார்பற்ற செய்திமடலில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், லைக்லிக்கும் லீனுக்கும் நடுவில் எந்தக் கணக்கும் கோடு போட்டுத் தருவதில்லை. 435 தொகுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு நடுநிலையான கருத்துக்கணிப்பே கிடையாது. போன அதிபர் தேர்தலில் அந்தத் தொகுதி எப்படி வாக்களித்தது, யாரிடம் எவ்வளவு நிதி சேர்ந்திருக்கிறது, இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கிக் காதில் போடும் உள்கணிப்புகள், உள்ளூர் நிருபர்களின் பேச்சு, அப்புறம் நம் மூக்கு. இவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், அவர் கூப்பிடுவதற்கு முன்பே அந்தத் தொகுதியை லீனுக்கு மாற்றலாம் என்று நான் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். எதிர்த்தரப்பு அங்கே திடீரென்று டிவி விளம்பர நேரம் வாங்க ஆரம்பித்திருந்தது. நிச்சயம் ஜெயிக்கிற தொகுதியில் கடைசி நேரத்தில் யாரும் காசைக் கொட்ட மாட்டார்கள்.

போன் வந்ததை எடிட்டரிடம் சொன்னேன், சொல்லாமல் இருப்பது சரியாகப் படவில்லை. அவர் சொன்னார்: "இப்போது மாற்றினால் போனுக்காக மாற்றியதாகத்தான் ஆகும்." குறிப்பு ஏற்கெனவே இருக்கிறதே என்றேன். "அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். போன் செய்த அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தான் கேட்டதால் நடந்தது என்றுதான் நாலு பேரிடம் சொல்வார்." சரி, லைக்லி என்றே இருக்கட்டும் என்று விட்டோம். விட்டோம் என்பதைவிட, விட்டேன். நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

வேட்பாளர் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். எங்கள் கணக்குப் புத்தகத்தில் அது சரியான கணிப்பு, லைக்லி என்று யாரைச் சொன்னோமோ அவர்தானே ஜெயித்தார். அந்த வருடம் நாங்கள் பெருமையாகப் போட்டுக்கொண்ட துல்லியக் கணக்கில் அதுவும் ஒரு டிக்.

எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இருக்கிறது, அது பொய்யும் இல்லை. லைக்லி தொகுதிகளில் சில நெருக்கமாக முடியத்தான் வேண்டும், ஒன்றுகூட முடியவில்லை என்றால் நாம் பயந்து பயந்து மதிப்பிடுகிறோம் என்று அர்த்தம். அதே தேர்தலில் வாஷிங்டன் மாநிலத்தின் 3-வது தொகுதியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மேரி க்ளூசன்காம்ப் பெரெஸுக்கு ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற தேர்தல் கணிப்புத் தளம் கொடுத்த வாய்ப்பு 100-க்கு 2. அவர் ஜெயித்தார், அதுவும் வெளியிலிருந்து பெரிய பண உதவி இல்லாமல். அப்படியானால் பட்டியலில் எங்கே இருக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியமில்லை என்று சொல்லலாம்.

ஆனால் கொலராடோ 3-வது தொகுதியை நினைத்தால் அந்தச் சமாதானம் ஆட்டம் காண்கிறது. அதே தேர்தலில் அங்கே குடியரசுக் கட்சியின் லாரன் போபர்ட் தோற்கவே மாட்டார் என்று ஏறக்குறைய எல்லாப் பட்டியல்களும் சொல்லின. அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் ஆடம் ஃப்ரிஷ் மறு எண்ணிக்கைக்குப் பிறகு 546 வாக்குகளில் தோற்றார். கட்சிப் பணம் கொஞ்சம் வந்திருந்தால்? நிதி குறைவு என்பதால் நாம் ஒருவரைக் கீழே வைக்கிறோம், கீழே வைத்ததால் அவருக்கு நிதி வருவதில்லை, அடுத்த நிதி அறிக்கையைப் பார்த்துவிட்டு நாம் சொன்னது சரிதான் என்று தலையாட்டுகிறோம். இதில் வெளியே நின்று பார்க்கிறவன் என்று என்னை எப்படிச் சொல்லிக்கொள்வது?

அப்புறம் 2024-ஐயும் சொல்ல வேண்டும். அதே ஃப்ரிஷ், அதே தொகுதி, இந்த முறை பல மில்லியன் டாலர் நிதி, எல்லாருடைய பார்வையும் அவர் மேல். சுமார் 5 சதவீதத்தில் தோற்றார். இதை என் பக்கத்து சாட்சியாக எடுத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் போபர்ட் வேறு தொகுதிக்குப் போய்விட்டார், எதிரே நின்றது ஜெஃப் ஹர்ட், அதிபர் தேர்தல் வருடம் வேறு. எதையும் நிரூபிக்காத ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வாதாடுவது.

போன் வராமல் இருந்திருந்தால் மாற்றியிருப்பேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் அந்தப் போன் என்னைப் பாதித்துவிட்டது, கேட்டவருக்கு எதிராக. நடுநிலை என்று நான் காப்பாற்றியது எங்கள் பெயரையா, மதிப்பீட்டையா? பெயர் போனால் மதிப்பீட்டை யார் மதிப்பார்கள் என்று எடிட்டர் கேட்பார், அதுவும் நியாயம்தான்.

கடைசி வாரங்களில் பிரச்சாரக் குழுக்களின் போனை எடுப்பதில்லை என்று பிறகு ஒரு விதி வைத்தோம். முன்மொழிந்தது நான்தான். ஆனால் அந்த விளம்பர நேரம் பற்றிய தகவலை எனக்கு முதலில் சொன்னதே பக்கத்துத் தொகுதிப் பிரச்சாரக் குழுவில் இருந்த ஒருவர், போனில். 2024-இல் சில அழைப்புகளை எடுத்தேன். எடிட்டரும் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன், கேட்டுக்கொள்ளவில்லை.