இன்னும் நாள் இருக்கு

"சார், என் கணக்கு எத்தனை நாள் ஆச்சுன்னு பார்த்துச் சொல்றீங்களா?"

"இன்னும் நாள் இருக்கு, போ."

2009, காலை டீ நேரம். டைம் ஆபீஸ் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் டெம்பரரி தொழிலாளியான அவன், இந்தப் பக்கம் வருகைக் கணக்கு எழுதும் கிளார்க்கான நான். பேச்சு அவ்வளவுதான். நான் சொன்னது பொய் இல்லை. அன்றைக்கு அவனுக்கு 467 நாள் ஆகியிருந்தது, 13 நாள் பாக்கி. நாள் இருக்கத்தான் செய்தது. ஆனால் நம்மிடையே "இன்னும் நாள் இருக்கு" என்றால் என்ன அர்த்தம்? அவசரமில்லை, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே. அவன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றே சொன்னேனா, டீ நேரத்து நெருக்கடியில் வாயில் வந்ததைச் சொன்னேனா என்பது இத்தனை வருடமாக எனக்குப் பிடிபடவில்லை.

480 என்ற எண்ணை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 24 காலண்டர் மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. அதனாலேயே எங்கள் கம்பெனியில் எந்த டெம்பரரியும் 480ஐத் தொட்டதில்லை. கிட்ட வரும்போது நிறுத்திவிடுவார்கள். சிலர் பல மாதம் கழித்துப் புது டோக்கன் நம்பரோடு திரும்பி வருவார்கள். கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

யார் கிட்ட வருகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் டெம்பரரிகளின் பக்கத்தில், ஒவ்வொரு பெயருக்கும் வலது ஓரத்தில் பென்சிலால் மொத்த நாளை எழுதுவேன். பேனாவைத் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். 450 தாண்டினால் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் புள்ளி வைத்த பெயர்களை அரைத்தாளில் எழுதி பர்சனல் மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வருவேன். இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தெரிந்தால் ரப்பரை எடுத்து அழிப்பேன். அழித்து அழித்து அந்த ஓரம் மட்டும் தாள் மெலிந்து, விரல் வைத்தால் பஞ்சு மாதிரி இருக்கும்.

அந்தப் பையன் கடம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் வருவான். பவர் பிரஸ்ஸில் வேலை. ஷிஃப்டுக்கு இருபது நிமிஷம் முன்னதாகவே கேட்டில் நிற்பான். 475ஆவது நாள் காலையிலும் அப்படித்தான் நின்றிருக்கிறான். டோக்கன் போர்டில் அவன் நம்பர் இருந்த ஆணி காலியாக இருந்தது. "இன்னிலேர்ந்து வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க" என்று செக்யூரிட்டி சொல்ல, சாப்பாட்டுப் பையோடு திரும்பிப் போனான். என் ஜன்னல் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அவன் கேட்பதற்கு முந்தின மாதக் கடைசியிலேயே அவன் பெயர் லிஸ்ட்டில் போய்விட்டது. நான் 467 என்று சொல்லியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. இதைப் பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த லிஸ்ட்டை எழுதியது யார் என்று உடனே மனசு கேட்கும். நான் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதியிருப்பார், அதுவும் உண்மை. பக்கத்து நாற்காலிக்காரருக்கும் பென்சில் பிடிக்கத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து சங்கச் செயலாளர் ஜன்னலுக்கு வந்தார். லேத்தில் இருபத்தைந்து வருடம் நின்ற மனிதர், குரல் உயர்த்த மாட்டார்.

"ஏம்பா, அந்தப் பையன் உன்கிட்ட நாள் கணக்கு கேட்டானாமே?"

"கேட்டான்ணே."

"சொன்னியா?"

"நாள் இருக்குன்னு சொன்னேன்."

கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கேன்டீனில் யாரோ அந்தப் பையனிடம், கணக்கைத் தெரிந்துகொண்டு சங்க ஆபீசுக்குப் போ என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத்தான் கேட்டிருக்கிறான். நாள் இருக்கிறதே என்று போகாமல் இருந்துவிட்டான்.

"480 ஆகாட்டியும் பரவால்லப்பா. பன்னெண்டு மாசத்துல 240 நாள் வேலை பார்த்தவனையே ஒரு மாச நோட்டீஸ் இல்லாம, வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம் குடுக்காம நிறுத்தக் கூடாது. தொழில் தகராறு சட்டம், 25 எஃப். உள்ள இருக்கும்போதே வந்திருந்தா லேபர் ஆபீஸ்ல மனு போட்டிருப்போம். பேச்சுவார்த்தை ஓடும்போது கை வைக்கிறதுக்கு அவங்களும் யோசிப்பாங்க."

அப்புறம் அந்தப் பையனின் மஸ்டர் பக்கத்துக்கு நகல் கேட்டார். "மேனேஜரைக் கேளுங்கண்ணே" என்றேன். சரி என்று போய்விட்டார். மேனேஜர் தரவில்லை. பையனும் வேறு வேலைக்குப் போய்விட்டானாம், வழக்கு எதுவும் நடக்கவில்லை.

பையனிடம் சொன்னது வாய்தவறி வந்தது என்று வைத்துக்கொண்டாலும், இதை அப்படிச் சொல்ல முடியாது. யோசித்துத்தான் சொன்னேன். இரண்டு பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், அம்மாவின் மருந்து, எங்களைப் போன்ற ஸ்டாஃபுக்குச் சங்கம் கிடையாது. என்னை நிறுத்தினால் கேட்க ஆள் இல்லை என்று நினைத்தேன். தற்காலிக வேலையாகவே வருடக்கணக்கில் வைத்திருந்து நிரந்தரமாகும் உரிமையைப் பறிப்பதை, செயலாளர் சொன்ன அதே தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்று வகைப்படுத்தியிருந்தது. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் நகல் கொடுத்திருப்பேனா? மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

சங்கத்தின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. டெம்பரரிகளை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. பெர்மனென்ட் ஆட்களுக்கு 20 சதவீதம் போனஸ் வாங்கிய வருடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது குறைந்தபட்சமான 8.33. ஒரே பிரஸ், ஒரே வேலை. பையன் உள்ளே இருந்த ஒன்றரை வருடமும் வராத செயலாளர், போன பிறகு என் ஜன்னலுக்கு வந்து கேட்டால் போதுமா? இதை அவரிடமே கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இருந்ததா என்பது வேறு விஷயம்.

ரிட்டயர் ஆன பிறகு பெரம்பூர் மில் சங்கத்தைப் பற்றிப் படித்தேன். 1918 ஏப்ரலில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் நின்று நடத்தியது. தொழிலாளர்கள் வாடியாவிடம் முதலில் கொண்டுபோன குறைகளில் ஒன்று, மதியம் சாப்பிடக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பது. எனக்கு அந்த இடத்தில் படிப்பு நின்றுவிட்டது. கேட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயும் என்னைப் போல ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் வீடு, பிள்ளைகள் இருந்திருக்கும்.

2012இல் விரல் ரேகை மெஷின் வந்தது. டைம் ஆபீசில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் தேவையில்லை என்று நிர்வாகம் சொன்னது. அந்த இரண்டில் நான் ஒருவன். அப்போது சம்பள ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கடைசியில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால், தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவுப்படி, சமரச ஒப்பந்தம் கையெழுத்தானது. மெஷின் வந்ததைக் காரணம் காட்டி யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, சம்பளத்தையும் குறைக்கக் கூடாது என்று அதில் ஒரு ஷரத்து. என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள், அதே சம்பளம்.

சங்கத்துக்கு ஒரு ரூபாய் சந்தா கட்டாதவன் நான். செயலாளரிடம் போய், "எங்களுக்கு எதுக்குண்ணே பேசினீங்க?" என்று கேட்டேன்.

"கிளார்க்கும் சட்டப்படி தொழிலாளிதான்பா" என்றார். பழைய விஷயத்தை எடுக்கவே இல்லை. நானாக எடுத்திருக்கலாம், பென்சில் புள்ளியைச் சொல்லியிருக்கலாம். என் வேலை பிழைத்த அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பும்போது அவரே கேட்டார்: "இந்த மெஷின்ல டெம்பரரி ஆளுங்க நாள் கணக்கு தெரியுமா?"

"தெரியும்ணே. கூட்டவே வேணாம். 450 ஆனா அந்த வரியே மஞ்சளாயிடும்."

"யார் பார்ப்பாங்க?"

"பர்சனல்ல."

"நமக்கும் அவனுக்கும் ஒரு காப்பி வரணும்னு அடுத்த ஒப்பந்தத்துல கேட்கணும்" என்று சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே, 2014இல், நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு தடவை போனில் கேட்டேன். பேசிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார்.