வரைபட மண்டபத்தில் இரவுப் பணி

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அம்மா சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "மூழ்கிப்போன கப்பலின் பெயரையா ஹோட்டலுக்கு வைத்திருக்கிறார்கள்?" என்றுதான் கேட்டார். வீட்டிலிருந்து கிளம்புகிறவர் வாய்தவறி 'போகிறேன்' என்றால்கூட 'போய்வருகிறேன் என்று சொல்' எனத் திருத்துகிறவர் அவர். 1,500-க்கும் மேற்பட்டோரைக் கடலில் விட்டுவந்த கப்பலின் பெயர் எழுதிய கூரையின் கீழ் மகள் இரவெல்லாம் விழித்திருக்கப் போகிறாள் என்பது தூத்துக்குடியில் இருந்த அவருக்கு உறுத்தலாக இருந்தது. அன்று என்னிடம் பதில் இல்லை.

வட அயர்லாந்தின் பெல்பாஸ்டில் குயின்ஸ் ஐலண்ட் என்கிற பகுதியில் இருக்கிறது டைட்டானிக் ஹோட்டல். கப்பல் கட்டிய ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அது. 1989-இல் நிறுவனம் வெளியேறிய பிறகு நெடுங்காலம் கட்டடம் பாழடைந்து கிடந்தது. 2017 செப்டம்பரில் 119 அறைகளுடன் விடுதியாகத் திறந்தார்கள். நான் வரவேற்பு மேசையில் இரவு ஷிப்ட். பின்னிரவில் கணக்கை முடித்து, காலையில் கிளம்புகிறவர்களின் ரசீதுகளை எடுத்து வைத்த பிறகு, கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். அந்தச் சுற்றில்தான் எனக்கு இந்த இடம் புரியத் தொடங்கியது.

கட்டடத்தின் உயிர் இரண்டு வரைபட மண்டபங்களில் இருக்கிறது. பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்துவைத்தது போன்ற உயரமான கூரை. வரிசை வரிசையாகப் பெரிய ஜன்னல்கள். நாள் முழுதும் கோடு இழுக்கிறவர்களின் கண்ணுக்குத் தேவை பகல் வெளிச்சம் என்பதை மனத்தில் வைத்தே கட்டியிருக்கிறார்கள். டைட்டானிக், அதன் சகோதரிக் கப்பலான ஒலிம்பிக் இரண்டும் இரும்பாவதற்கு முன்பு இங்கே கோடுகளாக இருந்தன. இன்று ஒரு மண்டபத்தில் விருந்துகள் நடக்கின்றன, மற்றொன்றில் மதுக்கூடம். நள்ளிரவுக்குப் பிறகு கண்ணாடிக் குவளைகளை அடுக்கிவைத்துவிட்டு எல்லோரும் போனதும், அந்த நீள மண்டபத்தில் என் காலடி மட்டும் கேட்கும். கோடைக்காலத்தில் இங்கே நாலரை மணிக்கே கிழக்கு வெளுத்துவிடும். விளக்கை அணைத்துவிட்டு நின்று பார்ப்பேன். வெளிச்சம் நிழலே இல்லாமல் பரவும். நல்ல வேலை செய்வதற்காகக் கட்டப்பட்ட இடம் என்பதை யாரும் சொல்லாமலே உடம்பு உணரும்.

ஆனால் மேசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சாவைப் பற்றியே கேட்பார்கள். எத்தனை மணிக்கு மோதியது? எவ்வளவு நேரத்தில் மூழ்கியது? இசைக்குழு கடைசிவரை வாசித்தது உண்மையா? 1912 ஏப்ரல் 14 இரவு 11.40, மறுநாள் அதிகாலை 2.20 என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். வேறொரு கேள்வியும் அடிக்கடி வரும். கப்பலின் எண் 390904 என்றும், அதைக் கண்ணாடியில் பார்த்தால் போப்பாண்டவருக்கு எதிரான வாசகம் தெரியும் என்றும், அந்தப் பாவத்தால்தான் மூழ்கியது என்றும் ஒரு கதை உலவுகிறது. டைட்டானிக்கின் கட்டுமான எண் 401, ஒலிம்பிக்குக்கு 400. அப்படியோர் எண் இருந்ததே இல்லை. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடும்.

முன்பு வேறொரு நாட்டில், பழைய மாளிகையை விடுதியாக்கிய ஓர் இடத்தில் வேலை பார்த்தேன். அங்கே மேலாளர் எங்களைக் கூட்டிவைத்துப் பேய்க்கதை சொல்லிக்கொடுத்தார். எந்த அறையில் யார் இறந்தார் என்று விருந்தினர் காதில் போட்டுவைக்க வேண்டும். நானும் சொன்னேன். இறந்தவர்களை விற்றுச் சம்பளம் வாங்குகிறோம் என்று அப்போதே மனம் கூசியது. இங்கே வந்தபோது, இனி அப்படி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். அதற்கு இந்தக் கட்டடமே உதவியது. இங்கே யாரும் மூழ்கவில்லை. இங்கே மனிதர்கள் காலையில் வந்து, குனிந்து வேலை செய்து, மாலையில் வீட்டுக்குப் போனார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

தாமஸ் ஆண்ட்ரூஸின் பெயர் எல்லோருக்கும் தெரியும். 16 வயதில் பயிற்சியாளராகச் சேர்ந்து வரைபடத் துறைக்குத் தலைவரானவர். கப்பலோடு போனபோது வயது 39. அவருடன் போன எட்டுப் பேரை அதிகம் பேருக்குத் தெரியாது. புதிய கப்பலின் முதல் பயணத்தில் பழுது ஏதும் தென்பட்டால் பார்த்துக்கொள்ள நிறுவனம் அனுப்பிய குழு அது. அதில் தலைமை வரைவாளர் ராட்ரிக் சிஷோம் இருந்தார். தச்சு, குழாய், மின்சாரம், இயந்திரப் பொருத்து வேலைகளைக் கற்றுக்கொண்டிருந்த பயிற்சி இளைஞர்களும் இருந்தார்கள். திறமைசாலிகளுக்குப் பரிசாகக் கிடைத்த பயணம். ஒன்பது பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

படகுகளைப் பற்றிய கேள்வியை நான் தட்டிக்கழிப்பதில்லை. 20 படகுகள், 1,178 பேருக்கு இடம். கப்பலிலோ சுமார் 2,200 பேர். "இந்த அறையில் கோடு போட்டவர்கள்தானே குற்றவாளிகள்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு 16 படகுகள் போதும் என்பது 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதி. டைட்டானிக் 46,000 டன்னைத் தாண்டியது. கப்பல்கள் வளர்ந்தன, விதி வளரவில்லை. கூடுதல் படகுகளைத் தாங்கக்கூடிய இறக்குகம்பங்கள் கப்பலில் இருந்தன. படகுகளை வைக்காமல் விட்டார்கள். சட்டம் கேட்டதற்கு மேல் கொடுத்தோம் என்ற நிம்மதியில் முடிவெடுத்தவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கோடு போட்டவர்கள் மேல் வரவில்லை.

விடுதிக்குப் பக்கத்திலேயே டைட்டானிக் பெல்பாஸ்ட் காட்சியகம். கப்பல் மூக்குகள் நான்கு திசையிலும் நீட்டிக்கொண்டிருப்பது போன்ற கட்டடம். சுமார் 3,000 அலுமினியத் தகடுகள் அதன் மேல். 2012 மார்ச் 31 அன்று திறந்தார்கள். உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் டிக்கெட் வாங்காமல் பார்க்கக்கூடிய ஒன்றையே நான் எல்லோருக்கும் சொல்வேன். பின்பக்கம் போனால் அந்தக் கப்பல் உருவான சரிவு. கப்பலின் உலாத் தளம் அதே அளவில் தரையில் வரையப்பட்டிருக்கிறது. படகுகள் இருந்த இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. பெஞ்சுகள் தளத்தில் கிடந்த அதே இடங்களில் கிடக்கின்றன. இரவில் அந்த உருவத்தின் விளிம்பு விளக்கொளியில் தெரியும். 269 மீட்டர் என்று எண்ணாகச் சொன்னால் ஒன்றும் தோன்றாது. ஷிப்ட் முடிந்து குளிரில் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தால் தோன்றும்.

இந்த ஊர் இந்தக் கப்பலைப் பற்றிப் பல பத்தாண்டுகள் வாய்திறக்காமல் இருந்தது. இப்போது கடைகளில் விற்கும் சட்டைகளில், எங்கள் கையை விட்டுப் போகும்போது அவள் நன்றாகத்தான் இருந்தாள் என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள். எனக்கு அதில் ஒரு தொழிலாளியின் நெஞ்சடைப்புதான் கேட்கிறது.

பெருமையை மட்டும் சொல்வதும் சரியாகாது. ஒருமுறை டாக்சி ஓட்டுநர் ஒருவர், விடுதி வாசலில் என்னை இறக்கிவிடும்போது, "என் தாத்தாவை விரட்டிய வாசல் இது" என்றார். 1920 ஜூலையில் இந்தக் கப்பல் கட்டும் தளத்திலிருந்து கத்தோலிக்கத் தொழிலாளர்களையும் அவர்களோடு நின்ற புராட்டஸ்டன்ட் தோழர்களையும் ஆயிரக்கணக்கில் அடித்துத் துரத்தினார்கள். நூறு வருடம் கழிந்தும் அவர் குரலில் அது ஆறவில்லை. அதன் பிறகு கட்டடத்தின் வரலாற்றை யார் கேட்டாலும் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அம்மாவிடம் வாரம் ஒருமுறை பேசும்போது இவற்றையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். 1911 மே 31 அன்று, 22 டன் கொழுப்பும் சோப்பும் பூசிய சரிவில் 62 விநாடிகளில் கப்பல் தண்ணீருக்குள் இறங்கியது என்று சொன்னபோது, "தேங்காய் உடைக்கவில்லையா?" என்றார். உடைக்கவில்லை, வெள்ளைக்காரர் வழக்கப்படி புட்டியும் உடைக்கவில்லை. இந்த நிறுவனத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அன்றைக்கு மரமுட்டு விழுந்து நசுங்கிய ஜேம்ஸ் டாபின் என்கிற கப்பல் தச்சர் மறுநாள் இறந்தார். அம்மா வெகுநேரம் பேசவில்லை.

பிறகொரு நாள் சாமுவேல் ஸ்காட்டைப் பற்றிச் சொன்னேன். இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட்டு ஆணிகள் முப்பது லட்சம் அந்தக் கப்பலில். ஒரு பையன் உலையில் காய்ச்சிச் செந்தழலாக எறிவான். இன்னொருவன் பிடித்துத் துளையில் வைப்பான். உள்ளிருந்து ஒருவர் முட்டுக்கொடுக்க, வெளியே இருவர் சம்மட்டியால் அடிப்பார்கள். சாமுவேல் பிடித்துக் கொடுக்கும் பையன். 1910 ஏப்ரல் 20 அன்று கீழே விழுந்து மண்டை உடைந்து இறந்தான். வயது 15. கப்பலைக் கட்டும்போது இறந்த எட்டுப் பேரில் அவனும் ஒருவன். அவனைப் புதைத்த இடத்தில் 2011 வரை ஒரு கல்கூட இல்லை.

"நூறு வருடமாகப் பெயர் இல்லாமலா கிடந்தான்?" என்றார் அம்மா. பிறகு, "உனக்கு எப்போது லீவு?" என்றார்.

வியாழக்கிழமை லீவு. பஸ் ஏறி நகரின் மேற்கே இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வழியில் ஒரு கடையில் வெள்ளை சாமந்தி கிடைத்தது. அம்மா கேட்டது அதைத்தான். காற்று பலமாக அடித்தது. பூங்கொத்து பறந்துவிடாமல் இரண்டு கூழாங்கற்களை எடுத்து அதன் காம்புகளின் மேல் வைத்தேன். கல்லில் பொறித்திருந்த பெயரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். தூத்துக்குடியில் அப்போது மாலை விளக்கேற்றும் நேரம்.