தேளோட மெழுகு சட்டை: ஜூலை வெயில்ல பண்ணிப் பாத்தது

போன வருஷம் ராத்திரில டார்ச் எடுத்துட்டு தேள் தேடிப் போறதோட நிறுத்திக்கிட்டேன். இந்த வருஷம் மனசுல ஒரே கேள்விதான் ஓடிட்டு இருந்துச்சு: நான் இருக்கற அமீரகத்து அல் ஐன் பக்கம் ஜூலை மத்தியானம் மணல்ல வெறுங்காலை வைக்க முடியாது, அதே மணல்லதான் இது குடும்பம் நடத்துது, அப்படி இது உடம்புக்குள்ள என்னதான் இருக்கு?

அமாவாசைய ஒட்டின ராத்திரியா பாத்துதான் கெளம்புவோம், நெலா வெளிச்சத்துல அதுங்க அவ்வளவா வெளிய வராது. வண்டி, ரூம்ல கூட இருக்கற அண்ணனோடது, எறங்கறதுக்கு முன்னாடி தவறாம கேப்பாரு, "தம்பி, பூட்ஸ் போட்டியா, கைய எங்கயும் ஊனாத." புற ஊதா வெளிச்சம் பட்டா தேள் தோல் மினுங்கும், அதுக்குத்தான் இந்த டார்ச். முன்ன வெச்சிருந்தது 395 நானோமீட்டர் டார்ச், அதுல ஊதா வெளிச்சம்தான் கண்ணக் கூசும், இப்ப 365 வாங்கினேன், பத்தடி தள்ளி இருக்கற தேள் கூட பச்சையா பளிச்னு தெரியுது. இங்க மணல்ல இருக்கறது அபிஸ்டோபுத்தஸ்ங்கற தேள் வகை, வால்ல ரெண்டாவது கணு மட்டும் தட்டு மாதிரி அகலமா இருக்கும், ஒருதடவை பாத்தா மறக்காது. எதையும் பிடிக்கல, தொடல. ஒரு புதர் அடில தேள் உரிச்சுப் போட்ட சட்டை ஒண்ணு கெடச்சுச்சு, காலி தோல்தான் ஆனா அதுவும் அப்படியே மினுங்குது, அத மட்டும் டப்பால எடுத்துட்டு வந்தேன்.

மொதல்ல வெப்பநிலை. கம்பி ப்ரோப் வெச்ச தெர்மோமீட்டர், மத்தியானம் ரெண்டு மணி, ஒரு வளைக்கு ரெண்டு மீட்டர் தள்ளி தனியா குத்தி எடுத்தது (வளைக்குள்ள விட்டா அது வீடு பாழாயிடும்). மேல் மணல் 64 டிகிரி, 10 செமீ ஆழத்துல 46, 20ல 41, 35ல 37. ஒரு முழம் கூட இல்ல, அதுக்குள்ள 27 டிகிரி எறங்கிடுச்சு! பாலைவனத் தேள்களோட உயிர் எல்லை பொதுவா 45லேருந்து 50க்குள்ளதான், அதனால பகல்ல மேல வந்தா அதுவும் செத்துடும். ஆனா கீழயும் 37 டிகிரி காஞ்ச காத்து, மாசக்கணக்குல ஒரு சொட்டு தண்ணி கெடையாது. அங்கதான் நான் இத்தன நாளா தப்பா நெனச்சிட்டு இருந்தது புரிஞ்சுது, சூட்டத் தாங்கறத விட இருக்கற தண்ணிய விடாம வெச்சுக்கறதுதான் அதுக்கு பெரிய வேலை.

அந்த சட்டை மேல ஊசில ஒரு சொட்டு தண்ணி வெச்சேன். சேம்பு இலைல நிக்கற மாதிரி உருண்டு நின்னுச்சு. அப்புறம் பாதி எடத்த மட்டும் லைட்டர்ல ஊத்தற திரவத்துல நனைச்ச பஞ்சால மெதுவா தொடச்சு, காய விட்டு, மறுபடி ஒரு சொட்டு. இந்த தடவை சொட்டு தட்டையா பரவிடுச்சு. தோல் மேல இருந்த மெழுகு போயிடுச்சு, அவ்வளவுதான். ஆராய்ச்சிக்காரங்க இதையே குளோரோஃபார்ம்ல பண்ணிருக்காங்க, மெழுகு போனதும் தோல் வழியா தண்ணி போற வேகம் பல மடங்கு ஏறும்.

அந்த மெழுகுன்னா நீளமான ஹைட்ரோகார்பன் (கார்பனும் ஹைட்ரஜனும் சேந்த) சங்கிலிங்க. சங்கிலி நீளமாக ஆக உருகற சூடும் ஏறும், ஒண்ணோட ஒண்ணு நெருக்கமா அடுக்கி நிக்கும், நடுவுல தண்ணி மூலக்கூறு நுழைய சந்து கம்மி. அரிசோனா மரப்பட்டைத் தேள்ல டூல்சன், ஹேட்லிங்கற ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க 1979ல காமிச்சது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், கோடைல அது நீள சங்கிலிய அதிகமாக்கிக்குது, தோல் வழியா தண்ணி போறது கொறையுது. அதாவது சீசனுக்கு ஏத்த மாதிரி தன் தோலோட கெமிஸ்ட்ரியவே மாத்திக்குது.

இத வீட்ல பாக்க முடியுமான்னு மூணு ஜாம் பாட்டில் எடுத்தேன், ஒவ்வொண்ணுலயும் 50 மில்லி தண்ணி, வாய்ல காஃபி ஃபில்டர் பேப்பர் கட்டினது. ஒண்ணு வெறும் பேப்பர், ஒண்ணுல தேங்காய் எண்ணெய் (முக்கியமா 12 கார்பன் சங்கிலி, 24 டிகிரிலயே உருகிடும்), ஒண்ணுல மெழுகுவத்திய உருக்கித் தடவினது (20க்கு மேல கார்பன்). பால்கனி நெழல்ல 24 மணி நேரம் வெச்சு தராசுல போட்டா வெறும் பேப்பர் 9.4 கிராம் எழந்திருக்கு, எண்ணெய் 3.1, மெழுகு வெறும் 0.6. கிட்டத்தட்ட பதினஞ்சுல ஒரு பங்கு!

அப்புறம் மூணையும் மத்தியான மணல்ல மூணு மணி நேரம் வெச்சேன். சூட்டுல தண்ணி எப்படியும் வேகமா போகும், அதனால வெறும் பேப்பரோட ஒப்பிட்டுதான் பாக்கணும். அது 7.2, மெழுகு 2.8. பதினஞ்சுல ஒண்ணா இருந்தது ரெண்டரைல ஒண்ணா ஆயிடுச்சு, பேப்பரப் பாத்தா மெழுகு உருகி ஒரு ஓரமா ஒதுங்கி நடுவுல திட்டுத்திட்டா இடம் விட்டிருக்கு. நெசத் தோல்லயும் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேல மெழுகு அடுக்கு கலைஞ்சு தண்ணி சடசடன்னு போக ஆரம்பிக்கும். வளைக்குள்ள போறதும் மெழுகு சட்டையும் ஒண்ண ஒண்ணு நம்பி இருக்குன்னு தராசு முன்னாடி உக்காந்துதான் எனக்கு வெளங்குச்சு.

அதே நாள் மணல்ல ஒரு ஸ்டீல் கிண்ணத்துல முட்டை வெள்ளைக்கரு வெச்சு கண்ணாடி மூடி போட்டிருந்தேன், ஒரு மணி நேரத்துல ஓரமெல்லாம் வெள்ளையா ஒறைஞ்சுச்சு. புரோட்டீனோட மடிப்பு பிரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா இதான் நடக்கும். தேள் சூட்டுல மாட்டிக்கிட்டா அதோட செல்லுக்குள்ளயும் மடிப்பு பிரிய ஆரம்பிக்கும், அப்ப அத சரி பண்ண ஓடி வர்றதுதான் ஹீட் ஷாக் புரோட்டீன், சுருக்கமா எச்எஸ்பி. சாதாரண நேரத்துல எச்எஸ்பி 70, 90 எல்லாம் எச்எஸ்எஃப்ங்கற ஒரு புரோட்டீனப் பிடிச்சு வெச்சிருக்கும். பிரிஞ்ச புரோட்டீன் பெருகினா இதுங்க அங்க போயிடும், விடுபட்ட எச்எஸ்எஃப் மூணு மூணா சேந்து டிஎன்ஏல உக்காந்து இன்னும் நெறைய எச்எஸ்பி செய்யச் சொல்லும். சூடு ஏறினதும் தானா திறக்கற வால்வு மாதிரி. 1962ல ரிட்டோசாங்கற விஞ்ஞானி இத மொதல்ல கவனிச்சது பழ ஈல, ஆனா ஏற்பாடு தேளுக்கும் நமக்கும் ஒண்ணுதான். புரோட்டீன ஒவ்வொரு தடவையும் மடிச்சுக் குடுக்க ஏடிபி, அதாவது செல்லோட எரிபொருள், செலவாகும், அதனால இது அவசரத்துக்குத்தான்.

நமீப் பாலைவனத்துல சியோத்தைரான்னு ஒரு சிலந்தி இந்த சூட்டு எல்லைலயே பொழைக்குது, 65 டிகிரி தாண்டின வலை மேல ஏறி எறும்பப் பிடிச்சுட்டு சில நொடில கீழ எறங்கிடும், அதோட உடம்பு தாங்கறது 49 வரைக்கும்தான்.

இன்னும் ரெண்டு விஷயம் தேள்ல தண்ணி சேமிப்புக்கு உதவுது. நாம நைட்ரஜன் கழிவ யூரியாவா மாத்தி தண்ணில கரைச்சு வெளியேத்தறோம், தேள் அத குவானைனா, அதான் டிஎன்ஏல வர்ற அதே குவானைன், தண்ணில கரையாத வெள்ளைப் பொடியா விட்டுடும். அப்புறம் அதே எடை இருக்கற மத்த கணுக்காலிங்க எரிக்கற சக்தில சுமார் கால் பங்குதான் தேள் எரிக்குது, மூச்சு கம்மி, மூச்சு வழியா போற ஈரமும் கம்மி.

இப்ப நாலாவது பாட்டில் பால்கனில இருக்கு, இதுக்கு தேன்மெழுகு, உருகறதுக்கு 62லேருந்து 64 டிகிரி வேணும். நேத்து ராத்திரி வரைக்கும் 24 மணி நேரத்துல 0.5 கிராம் கொறஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமை மெழுகுவத்தி பாட்டிலுக்கு புதுசா பேப்பர் மாத்தி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மணல்ல வெக்கப் போறேன், அண்ணன் குடை பிடிக்கறேன்னு சொல்லிருக்காரு, பாட்டிலுக்கு இல்ல, எனக்கு.