தோற்ற ஆட்டங்களுக்கும் வந்தவர்

அமெரிக்காவில் லாரன்ஸ் ஊரிலுள்ள நம் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் எனக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் போன குளிர்காலத்தில் காலமானார். முன்னாள் மாணவர் மலருக்கு எழுதச் சொன்னபோது அவரைத் தவிர வேறு எதுவும் மனதில் வரவில்லை. அவரைப் பற்றி எழுதினால் கூடைப்பந்தைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நம் அணியின் கூடைப்பந்து அரங்கமான ஆலன் ஃபீல்ட்ஹவுஸில் அவருக்கு இரண்டு சீசன் டிக்கெட். மனைவி இறந்த பிறகு, பக்கத்து இடத்தில் வெளிநாட்டு மாணவர் யாரையாவது உட்கார வைப்பார். 1987-88 சீசனில் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. முழங்கால் முன்னால் இருப்பவர் முதுகில் இடிக்கும் அந்த பெஞ்சு உங்களுக்கும் தெரியும். எதிரணியை அறிமுகப்படுத்தும்போது நாமெல்லாம் செய்தித்தாளை விரித்துப் பிடிப்போமே, அவர் அதை நிஜமாகவே படித்துக்கொண்டிருப்பார்.

நட்சத்திர ஆட்டக்காரர் டேனி மேனிங் இருந்தும் அந்த சீசன் சரியாகப் போகவில்லை. இன்னொரு ஆட்டக்காரர் ஆர்ச்சி மார்ஷலுக்கு முழங்கால் போயிற்று. ஜனவரி 30 அன்று பக்கத்து எதிரியான கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்திடம் தோற்றோம்; சொந்த அரங்கில் தொடர்ந்து 55 ஆட்டங்கள் வென்றிருந்த கணக்கு அன்றோடு முடிந்தது. ஆட்டம் முடியும் முன்பே பலர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர் அசையவில்லை. கடைசியில் இரண்டு அணிக்கும் கைதட்டிவிட்டுத்தான் எழுந்தார்.

திரும்பி நடக்கும்போது நெய்ஸ்மித்தைப் பற்றிச் சொன்னார். இந்த விளையாட்டை உண்டாக்கியவர், 1898இல் நம் அணியைத் தொடங்கியவர். பயிற்சியாளராக அவர் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. கன்சாஸில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் உள்ள ஒரே பயிற்சியாளர் அவர்தான். அப்புறம் ஜான் மக்லெண்டன் கதைக்கு வந்தார். 1930களில் நெய்ஸ்மித்திடம் படித்த கறுப்பின மாணவர். அணியில் கறுப்பர்களுக்கு இடமில்லை. ஆட முடியாத அந்தப் பையனுக்கு நெய்ஸ்மித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவன் பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் இறங்கினான் என்பதற்காகத் தண்ணீரையே வடித்துவிட்டார்களாம்.

நான் நின்றுவிட்டேன். குளத்தில் யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது என்று பார்த்து வைத்திருந்த ஊரில் பிறந்தவன் நான். கரையின் எந்தப் பக்கத்தில் பிறந்தேன் என்பதை அமெரிக்காவில் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. அன்று இரவு, அந்தக் குளிரில், அவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மக்லெண்டன் பிறகு டென்னசி ஸ்டேட்டின் பயிற்சியாளராக 1957 முதல் 1959 வரை வரிசையாக மூன்று தேசியப் பட்டம் வாங்கிய கதையை வீடு வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 4 தேசிய இறுதி ஆட்டத்தின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே சீசனில் இரண்டு முறை நம்மைத் தோற்கடித்த ஓக்லஹோமாவை 83-79 என்று வென்றோம். மேனிங் மட்டும் 31 புள்ளி. 11 தோல்வியோடு சாம்பியன் ஆன அணி! அன்று தெருவில் கத்தியதில் ஒரு வாரம் எனக்குக் குரலே இல்லை.

முனைவர் பட்டத்துக்கு இருந்துவிடு என்று அவர் கேட்டார். சென்னையில் வேலை, வீட்டில் தங்கை கல்யாணம். கோடையில் கிளம்பிவிட்டேன். அந்த வேலை எங்கள் வீட்டையே தூக்கி நிறுத்தியது, அதில் எனக்குக் குறையில்லை. 2008லும் 2022லும் சென்னையில் விடியற்காலையே எழுந்து நம் அணியின் இறுதி ஆட்டம் பார்த்தேன். 2016இல் மக்லெண்டனைப் பயிற்சியாளர் என்ற முறையிலும் கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது அந்தச் செய்தியை எனக்கு முதலில் அனுப்பியவர் அவர்தான்.

ஆனால் மனதில் உறுத்துவது 1988-89 சீசன். பழைய ஆள்சேர்ப்பு விதிமீறலுக்காக, பட்டத்தைத் தக்கவைக்கும் போட்டியில் ஆடவே தடை. பயிற்சியாளர் லாரி பிரவுன் போய்விட்டார், அவர் இடத்தில் புதிதாக ராய் வில்லியம்ஸ். 12 தோல்வி. எதற்கும் தகுதி பெற முடியாத அந்த ஆட்டங்களையும் பேராசிரியர் ஒன்றுவிடாமல் போய்ப் பார்த்தார் என்று கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த வருடமாவது நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கலாம்.