தாளக்காரியாக உட்கார்ந்த நாள்

எனக்குப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் முதல் எட்டு மாதம், காலைத் தட்டும் முதல் பாடமான தட்டடவைத் தாண்ட விடவில்லை. தரையில் உட்கார்ந்து மரக்கட்டையில் தட்டுக்கழியால் 'தெய்யா தெய்' என்று தட்டுவார். நாங்கள் முழங்கால் மடக்கிப் பாதி உட்கார்ந்த அரைமண்டியில் முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். தொடை நடுங்கி யாருக்காவது இடுப்பு மேலே எழும்பினால் திட்ட மாட்டார், தட்டுவதை நிறுத்திவிடுவார். சத்தம் நின்றதும் அத்தனை பேரும் தானாக அரைமண்டிக்குத் தாழ்ந்துவிடுவோம்.

பதினாறு வயதில் அரங்கேற்றம். அப்புறம் இருபது வருடம் மேடை. மார்கழியில் ஒரு கச்சேரி என்றால் பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல், தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் என்று ஐந்து பேருக்குக் கொடுக்க வேண்டும். கிடைக்கும் சன்மானம் அதில் பாதிக்குக்கூட வராது. வகுப்பு எடுத்துச் சேர்த்ததெல்லாம் மேடைக்கே போனது. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

என் மாணவி ஒருத்தியின் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு நட்டுவனாருக்குக் காய்ச்சல். "அக்கா, நீங்களே உட்காருங்க" என்றாள். சரி, நிகழ்ச்சியின் பெரிய உருப்படியான வர்ணம் தெரிந்ததுதானே என்று கைத்தாள ஜோடியை எடுத்துக்கொண்டேன். ஒன்று வெண்கலம், ஒன்று இரும்பு. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான்.

தாளச் சொற்களை மூன்று வேகத்தில் சொல்லும் முதல் திரிகால ஜதியிலேயே தப்பு செய்தேன். மூன்றாம் காலத்தில் என் வாய் ஓடிவிட்டது. என் கால் பழகிய வேகத்தில் சொல்லிக்கொண்டு போனேன். அவள் காலோ நீளம், தரையைத் தொட ஒரு இழை கூடுதலாக எடுக்கும். ஜதியை முடிக்கும் தீர்மானத்தில் அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. அப்போதுதான் சொற்கட்டு ஏட்டிலிருந்து கண்ணை எடுத்து அவள் குதிகாலைப் பார்த்தேன். பிறகு, பாட்டின் ஒரு வரியை அபிநயத்தில் விரித்துக் காட்டும் சஞ்சாரி வந்தது. தாளம் மெல்லக் கேட்டால் போதும் என்கிற இடம். அங்கே கையை அடக்கி வைப்பது, ஜதியை உரக்கச் சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது.

1975இல் தமிழிசைச் சங்கத்தில் பேசிய நடனக் கலைஞர் பாலசரஸ்வதி, அலாரிப்பில் தொடங்கும் மார்க்கத்தை, அதாவது நிகழ்ச்சியின் உருப்படி வரிசையை, கோபுரத்தில் தொடங்கும் கோயிலுக்கு ஒப்பிட்டார். ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் பெரிய மண்டபம், வர்ணத்தில் சந்நிதிக்குள் நுழைகிறோம். ஆடிய காலத்தில் அதை அழகான உவமையாக மட்டுமே வைத்திருந்தேன். ஓரமாக உட்கார்ந்து ஒரு பெண்ணை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போனபோது என் கை வியர்த்தது. வாத்தியார் ஏன் கழியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தபடி இருந்தார் என்பதும் அன்றுதான் பிடிபட்டது.

இப்போது ஆடுவதைக் குறைத்துக்கொண்டேன். வாரத்தில் நாலு நாள் தாளமும் கழியும்தான். அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் காலத்தில் இடது குதிகால் இன்னும் கொஞ்சம் பிந்துகிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், தட்டடவிலிருந்து.