அரிச்சல்முனைக்கு முன்னாடி வண்டிய நிறுத்துங்க

போன வாரம் மதுரைலருந்து சித்தப்பா பசங்க வந்திருந்தாங்க, தனுஷ்கோடி கூட்டிட்டுப் போனேன். தங்கச்சிமடத்துல வீடு இருக்குறதால யாரு வந்தாலும் கூட்டிட்டுப் போறது நான்தான். 2017ல ரோடு தொறந்ததுலருந்து எல்லாரும் ஒரே மாதிரிதான், நேரா ரோடு முடியுற அரிச்சல்முனை, அங்க இருக்குற அசோகர் தூண்கிட்ட நின்னு போட்டோ, அப்டியே ரிட்டன். ஊரு இருந்த எடத்துல எறங்கிப் பாக்குறவங்க கம்மி, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

ஏன்னா அது எப்பேர்ப்பட்ட ஊருங்க. 1914ல பாம்பன் பாலம் தொறந்தப்புறம் எழும்பூர்ல போட் மெயில் ஏறுனா தனுஷ்கோடி, அங்கருந்து கப்பல்ல தலைமன்னார், மறுபடி ரயில் புடிச்சா கொழும்பு. ஸ்டேஷன், கஸ்டம்ஸ், போஸ்ட் ஆபீஸ், ஸ்கூல்னு எல்லாம் இருந்துச்சு. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடிச்சு எல்லாம் போச்சு. பாம்பன்லருந்து கெளம்புன பாசஞ்சர் ரயிலு, உள்ள நூறு பேருக்கு மேல, ஊரு வந்து சேர்றதுக்குள்ளயே கடல் தூக்கிட்டுப் போயிருச்சு. அதுக்கப்புறம் மக்கள் வாழத் தகுதியில்லாத எடம்னு கவர்மெண்டே சொல்லிருச்சு. எங்க அப்பத்தா மார்கழில காத்து சத்தம் மாறுனா இன்னைக்கும் படுக்காது, எந்திரிச்சு உக்காந்துக்கும்.

சர்ச் இடிஞ்சு நிக்குதுல்ல, அதோட செவத்துகிட்ட போய் பாருங்க. பூச்சு உதிர்ந்த எடத்துல தெரியுறது பவளக் கல்லு. கடலுக்குள்ள வளந்தப்ப இருந்த பூப்பூவான கோடு அப்டியே இருக்கு, வெரல் வச்சா சொரசொரன்னு இருக்கும். சின்னவன் ஒரு துண்டு பேத்தெடுக்கப் பாத்தான், விடல. இருக்குறதே கொஞ்சம், அதையும் ஆளுக்கொரு துண்டு எடுத்தா என்ன மிஞ்சும்.

அப்புறம் ஊத்து. ரெண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவுல மணலத் தோண்டுனா நல்ல தண்ணி. மழைத்தண்ணி மணலுக்குள்ள எறங்கி, கனமான உப்புத் தண்ணிக்கு மேல மெதந்து நிக்கும், அதனால ரொம்ப ஆழமாத் தோண்டிறக் கூடாது. அங்க ஓலைக் குடிசைல இருக்குற ஒரு அக்கா செரட்டைல மோந்து மோந்து கொடத்த ரொப்பிட்டு இருந்தாங்க, "குடிச்சுப் பாருப்பா"ன்னு நீட்டுனாங்க. பசங்க நம்பவே இல்ல, ஆளுக்கு ரெண்டு வாய் குடிச்சானுங்க.

முனைல எறங்குனா வடக்க பெண் கடல், தெக்க ஆண் கடல்னு எங்க ஊர்ல சொல்லுவோம். ஒண்ணு கொளம் மாதிரி கெடக்கும், இன்னொண்ணு அடிச்சுக்கிட்டே இருக்கும், ஆண் கடல் பக்கம் தயவுசெஞ்சு குளிக்க எறங்காதீங்க, இழுத்துரும். போற வழில கோதண்டராமர் கோயில் இருக்கு, அந்தப் புயலுக்கும் அசையாம நின்னது, பாத்துட்டு வாங்க. காலைலயே கெளம்பிருங்க, பொழுது சாஞ்சா செக்போஸ்ட்ல விடமாட்டாங்க, கையில குடையும் ஒரு தொப்பியும் வச்சுக்கங்க, நெழல்னு சொல்லிக்க அந்தச் சர்ச் செவரு மட்டுந்தான்.