பிரெஞ்சு இம்மெர்ஷன்: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு

ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (வட்டாரப் பள்ளி நிர்வாகம்) மின்னஞ்சல்களைத் திறக்காமலே அழிக்கும் நண்பர்களே, பாடங்களையே பிரெஞ்சு மொழியில் நடத்தும் பிரெஞ்சு இம்மெர்ஷன் திட்டத்துக்கான பதிவு அறிவிப்பும் அதில்தான் வரும், பல இடங்களில் குலுக்கல் முறை என்பதால் தேதியை விட்டால் காத்திருப்போர் பட்டியல்தான். கிண்டர்கார்டனிலோ முதல் வகுப்பிலோ சேர்த்தால் ஆரம்ப வருடங்களில் கணக்கு முதற்கொண்டு எல்லாமே பிரெஞ்சில், ஆங்கிலப் பாடம் பிறகுதான் வரும். "நமக்கே பிரெஞ்சு தெரியாதே, வீட்டுப்பாடம் யார் சொல்லித் தருவது?" என்று கேட்காத ஆளில்லை. அட, திட்டமே பிரெஞ்சு தெரியாத குடும்பங்களுக்குத்தான்! 1965இல் கியூபெக்கின் செயின்ட் லாம்பர்ட்டில் இதைக் கேட்டு வாங்கியவர்களே ஆங்கிலம் பேசும் பெற்றோர்தான். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்களுக்கு வேறு பள்ளி, வேறு பள்ளி வாரியம், இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். சின்ன வயதில் சேர்க்கவில்லையா, பரவாயில்லை, ஆறாம் வகுப்பில் லேட் இம்மெர்ஷன் இருக்கிறது (எல்லா டிஸ்ட்ரிக்ட்டிலும் கிடையாது), முன்பின் ஒரு வார்த்தைகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை தாக்குப்பிடித்தால் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் டிப்ளமோ. அப்புறம், பள்ளிப் பேருந்து உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இம்மெர்ஷன் இல்லையென்றால் தினமும் மழையில் கார் ஓட்டப்போவது நீங்கள்தான்.